ஏழுதாழ் பங்களாவுக்குள் திருடன் எப்படி நுழைவான்?

மேகமூட்டம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான் எழுதிக்கொண்டிருக்கும் மாயக்கதைத் தொடர் பாதியில் நிற்கிறது. கொஞ்சம் தள்ளிவிடுங்கள்.

கதை கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் நடுவில் நடக்கிறது. ஊர்கள் நிஜம், பங்களா கற்பனை. பெயர் ஏழுதாழ். சமவெளி ஜமீன்தார் ஒருவர் 1890களில் கோடைக்குத் தங்கக் கட்டியது. கருங்கல் சுவர், மங்களூர் ஓடு, ஆறு அறையில் கணப்பு, முகப்பில் கண்ணாடி அடைத்த நீளத் தாழ்வாரம். பின்னால் பேரி மரங்கள், அதற்கும் பின்னால் சோலைக்காடு. இப்போது அங்கே இருப்பவர் ஒரே ஒரு வயதான காவல்காரர்.

வீட்டுக்கு மந்திரக் காவல் உண்டு. கெட்ட எண்ணத்தோடு வருகிறவனால் வாசல் நிலையைத் தாண்ட முடியாது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் சாமான் எதுவும் இல்லாத வெற்று அறைதான் தெரியும். மாடிப்படியில் ராத்திரியானால் ஒரு படி கூடும், பகலில் எண்ணிய கணக்கோடு ஏறுகிறவன் தடுக்கி விழுவான். இப்படி ஏழு.

சிக்கல் இதுதான்: காவலை இவ்வளவு இறுக்கிக் கட்டிவிட்டேன், ஆனால் ஒரு திருடன் உள்ளே வந்தால்தான் கதையே நகரும். "அன்றைக்கு மந்திரம் கொஞ்சம் தளர்ந்திருந்தது" என்று எழுத மனம் வரவில்லை. அது வாசகனை ஏமாற்றுகிற வேலை. காவலின் விதிக்குள்ளேயே ஒரு வழி வேண்டும்.

கதை நடப்பது 2018இல். குறிஞ்சி பூத்த வருடம், கஜா புயல் வந்த வருடம். வீட்டுக்குள் இருக்கும் ரகசியம் என்ன என்பதும் முடிவாகவில்லை. அதையும் சேர்த்தே பேசுவோம்.

வத்தலக்குண்டு பஸ் எழுதியது:

நிலவறையில் நவபாஷாணச் சிலை இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் இறங்கிக்கொள்கிறேன். பழனி மலையை வைத்து மாயக்கதை எழுதுகிற அத்தனை பேரும் போகரைத்தான் எழுப்புகிறார்கள். பழனி மூலவரைச் செய்தவர், பூம்பாறை குழந்தை வேலப்பரையும் அவர்தான் செய்தார் என்கிறார்கள். அவ்வளவு வேலை பார்த்தவர் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டுமே.

திருடன் வர வழியா? புகைபோக்கி.

மேகமூட்டம் எழுதியது:

போகர் இல்லை, சத்தியமாக. புகைபோக்கியை யோசித்தேன். பறவை கூடு கட்டாமலிருக்க மேலே கம்பிவலை போட்டிருப்பார்கள், அதைக் கழற்றிவிடலாம். ஆனால் உள்ளே ஆள் இறங்குகிற அகலம் வராது. அதோடு, வாசலுக்குக் காவல் வைத்தவன் புகைபோக்கியை மறந்தான் என்றால் அவன் என்ன மந்திரவாதி?

ஆசாரி பேரன் எழுதியது:

முதலில் அந்த மாடிப்படி. நல்ல யோசனைதான், ஆனால் நீங்கள் நினைத்ததைவிட அதில் விஷயம் இருக்கிறது. எங்கள் தாத்தா படி வைக்கும்போது "லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்" என்று எண்ணிக்கொண்டே வைப்பார். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும், அதாவது ஒற்றைப்படை. ஏழுதாழ் மாடிக்கு 21 படி என்று வையுங்கள். ராத்திரி ஒன்று கூடினால் 22. கடைசிக் கால் நஷ்டத்தில் விழும். திருடன் தடுக்கி விழ வேண்டியதே இல்லை, மேலே போய்ச் சேர்ந்தாலும் அவன் நஷ்டத்தில்தான் நிற்கிறான். எடுத்தது எதுவும் அவனுக்கு ஒட்டாது.

இரண்டாவது, ரகசிய அறை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெரிய வீட்டுக் கதையில் ரகசிய அறை இல்லாமல் போகாது. அதைக் கண்டுபிடிக்கப் புத்தக அலமாரியைத் திருப்புவது, சிங்க முகத்தை அழுத்துவது எல்லாம் வேண்டாம். டேப் போதும். மனையடி சாஸ்திரத்தில் அறையின் உள்கூட்டு அளவுக்குப் பலன் உண்டு. எட்டடி நல்லது. ஒன்பதடி ஆகாது. பதினொன்று நல்ல கணக்கு. கொத்தனாரோ ஆசாரியோ தெரிந்தே ஒன்பதடி அறை கட்ட மாட்டார், முதலாளி கேட்டாலும் "ஒரு அடி தள்ளிக்கலாமுங்க" என்பார். உங்கள் திருடன் (அல்லது திருடனைத் தேடி வருகிற யாரோ) மாடியில் ஒரு அறையை அளக்கிறான். அகலம் சரியாக 9 அடி. மற்ற அறைகள் எல்லாம் சாஸ்திரப்படி இருக்கும்போது இது மட்டும் ஏன்? கட்டியவன் கணக்கில் அது 11 அடியாகத்தான் இருந்திருக்கும். மிச்சம் 2 அடி சுவருக்குள் போயிருக்கிறது.

அந்த 2 அடியில் என்ன என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மேகமூட்டம் எழுதியது:

ஐயா, கையைக் கொடுங்கள். ஒன்பதடி அறை எனக்கு. வேறு யாராவது எடுத்தால் கோர்ட்டுக்குப் போவேன்.

கிழங்கு வியாபாரி எழுதியது:

நிலையில் ஆகாச கருடன் கிழங்கு கட்டியிருக்கிறீர்களா? கயிற்றில் தொங்கவிட்டால் மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் கொடி விடும். தன்னுள் தேக்கி வைத்த ஈரத்தில் வளர்கிறது, அதில் மாயம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த கெடுதலைக் கிழங்கு தன் மேல் வாங்கிக்கொண்டு வாடும் என்பது நம்பிக்கை. காவல்காரர் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான் என்று வைத்தால், ராத்திரி யாரோ வந்தார்கள் என்று சொல்ல நாய் குரைக்க வேண்டியதில்லை. கொடைக்கானல் குளிருக்கு அது தளிர்க்குமா என்று கேட்டால், மாயக்கதை ஐயா, தளிர்க்கட்டும்.

தாண்டிக்குடி காபி எழுதியது:

நான் கீழ்மலைக்காரி, மேல்மலையில் சொந்தம் உண்டு. இரண்டு மூன்று விஷயம்.

வீட்டுச் சுவரிலேயே எல்லாக் காவலையும் குவித்துவிட்டீர்கள். மலையில் முதல் காவல் காடுதான். பேரிஜம் பக்கம் மதிகெட்டான் சோலை இருக்கிறதே, கேள்விப்பட்டிருப்பீர்கள். உள்ளே போனவனுக்குப் புத்தி தடுமாறி வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருப்பான் என்பார்கள். சோலைக்குள் நின்று பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். மேலே கிளை பின்னிக்கிடக்கும், சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியாது. மரத்துக்கு நாலாபுறமும் பாசி. ஓடையைப் பிடித்து இறங்கலாம் என்றால் அது மூன்று இடத்தில் மண்ணுக்குள் போய் வேறு எங்கோ தலைகாட்டும். அதோடு மூடுபனியும் இறங்கிவிட்டால் பத்தடி முன்னால் போகிற ஆளின் முதுகு தெரியாது. ஏழுதாழுக்குப் பின்னால் இருக்கும் சோலை அப்படி ஒன்றாக இருக்கட்டும். அதில் ஒரு மாயம் மட்டும் சேருங்கள்: வழி மறக்காது, வந்த காரணம் மறந்துபோகும். திருடன் பேரி மரத்தடிக்கு வந்து, இங்கே எதற்கு வந்தோம் என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். காவல்காரர் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவைப்பார். எத்தனை பேரை அப்படி அனுப்பியிருப்பார் பாவம்.

அடுத்து ஒரு வேண்டுகோள். "மலையில் வாழும் பழங்குடிக் கிழவர் ஒருவர் மந்திரம் கட்டினார்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பழியர்களை மாயக்கதைக்காரர்கள் ஒன்று தேன் எடுக்க வைக்கிறார்கள், இல்லையென்றால் மந்திரிக்க வைக்கிறார்கள். நீலகிரியில் குறும்பர்களுக்கு மந்திரவாதிகள் என்று பேர் கட்டிவிட்டு, ஊரில் நோய் வந்தபோதெல்லாம் அவர்கள் மேல் பழி போட்டுக் கொன்றதே நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் இருக்கிறது. கதையில் ஒரு வரியாகப் போகிற விஷயம் அவர்களுக்கு உயிர் போகிற விஷயமாக இருந்திருக்கிறது.

குறிஞ்சியைப் பற்றியும் ஒன்று. 2006, 2018, அடுத்து 2030. தயவுசெய்து "பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை காவல் திறக்கும்" என்று வைக்காதீர்கள். ரொம்பச் சுலபமாகக் கிடைக்கிற பூட்டு அது.

மேகமூட்டம் எழுதியது:

அக்கா, பன்னிரண்டு வருடப் பூட்டைத்தான் வைத்திருந்தேன். எடுத்தாயிற்று. வந்த காரணம் மறக்கும் சோலையை அப்படியே வாங்கிக்கொள்கிறேன், கைம்மாறாக உங்கள் பெயரில் ஒரு காபித் தோட்டம் வரும்.

ஆனால் சிக்கல் இப்போது இரண்டு மடங்கு. திருடன் வீடு வரைக்கும்கூட வர முடியாது போலிருக்கிறதே.

மேலூர் மருமகள் எழுதியது:

தம்பி, காவல் என்றாலே வெளியே தள்ளுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்து அழகர்கோயிலுக்கு வந்து பாருங்கள்.

பதினெட்டாம்படிக் கருப்பருக்கு அங்கே உருவம் கிடையாது. சாத்திய கதவுதான் சாமி. இவ்வளவு உயரக் கதவு, அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, அரிவாள் சாத்தி. கதவையே கும்பிடுகிற ஊரில் வாழ்க்கைப்பட்டவள் சொல்கிறேன், கேளுங்கள்.

மலையாள தேசத்திலிருந்து 18 மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக வந்தார்களாம். கண்ணில் மை தீட்டிக்கொண்டதால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கோயில் பட்டருக்குச் சந்தேகம் வந்து, சுடச்சுடப் பொங்கலை வைத்துக் கதவைச் சாத்தினார். ஆவியில் மை கரைந்து ஆட்கள் தெரிந்துவிட்டார்கள். பதினெட்டுப் பேரையும் வெட்டிப் படிக்கு ஒருவராகப் புதைத்தார்கள் என்பது எங்கள் பக்கம் சொல்கிற கதை. முக்கியமான இடம் இனிமேல்தான். அவர்களுக்குத் துணையாகக் கூட வந்த சாமிதான் கருப்பர். திருட வந்த கூட்டத்தோடு வந்தவர், அழகரின் அழகில் மயங்கி அங்கேயே காவலாக நின்றுவிட்டார்.

உங்கள் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. வீடு திருடனை ஏன் வெளியே தள்ள வேண்டும்? உள்ளே விட்டு, காவலுக்கு நிறுத்திக்கொள்ளட்டும்.

இன்னொன்று, இது உங்களுக்குப் பயன்படலாம். சித்திரையில் அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது கொண்டுபோகிற நகைகளின் பட்டியலைக் கருப்பர் முன்னால் வாசித்துக் காட்டுவார்கள். திரும்பி வந்ததும் மறுபடி கணக்கு. சாமியே போனாலும் கணக்குக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

வத்தலக்குண்டு பஸ் எழுதியது:

இந்த இழையைத் திறந்த நேரம் நல்ல நேரம். அந்தக் காவல்காரரே முன்னாள் திருடர்! காபி போட்டுக் கொடுத்து அனுப்புகிறவர், தனக்கு யாரும் காபி போட்டுத் தரவில்லையே என்ற ஆதங்கத்தில் செய்கிறார்.

ஆவணத் தூசி எழுதியது:

யோசனை நன்றாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்.

மதுரைப் பக்கத்தில் காவல் முறை என்று ஒன்று நிஜமாகவே இருந்தது. ஊர் காவல் கூலி கொடுக்கும், திருட்டுப் போனால் காவல்காரர் மீட்டுக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். காணாமல்போன மாட்டைக் கண்டுபிடித்துத் தரத் துப்புக்கூலி தனி. வெள்ளைக்கார அரசாங்கம் இதைப் பார்த்து "திருடர்களே காவல்காரர்கள்" என்று எழுதிவைத்து, 1911க்குப் பிறகு இங்கேயும் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஊர் ஊராக ரேகை எடுத்தது. ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டதில் செத்தவர்கள் 16 பேர். அந்த ஊர் உங்கள் மலையிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.

அதனால் உங்கள் திருடனுக்கு ஊரையும் சாதியையும் ஒட்டவைக்காதீர்கள். பரம்பரையாக வருகிற தொழில் என்றும் காட்டாதீர்கள். அவன் ஒரு தனி ஆள், கடன்காரன், அவ்வளவுதான். முடிந்தால் ஒரு படி மேலே போங்கள்: உண்மையில் முதலில் திருடியவன் யார் என்று கேளுங்கள். 1890களில் மலையில் அவ்வளவு பெரிய இடத்தை வளைத்துப் பங்களா கட்டியவன் எதையும் எடுக்காமலா கட்டினான்?

மேகமூட்டம் எழுதியது:

இந்தக் கடைசிக் கேள்வி ராத்திரி தூங்கவிடவில்லை. ஜமீன்தார் எதைத் திருடினார்? நிலம் என்று சொன்னால் உண்மைதான், ஆனால் கதைக்குக் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பொருள் வேண்டும்.

கும்பக்கரை இறக்கம் எழுதியது:

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். பொருள் என்னிடம் இருக்கிறது.

நான் பெரியகுளம் பக்கம். கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாக மோட்டார் பாதை வந்தது 1910களில்தான். அதற்கு முன்னால் எல்லாம் எங்கள் பக்கம்தான் ஏறியது. கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டி, அங்கிருந்து மேலே ஆள் சுமை. துரைமார் டோலியில், சாமான்கள் தலையில். 1845இல் அமெரிக்க மிஷன்காரர்கள் முதல் இரண்டு வீடு கட்டினதிலிருந்து அப்படித்தான். பியானோ போனது, குளிக்கும் தொட்டி போனது, கண்ணாடி போனது. உங்கள் ஏழுதாழின் தாழ்வாரக் கண்ணாடி ஒவ்வொன்றும் வைக்கோல் சுற்றி யாரோ ஒருவர் தலையில் ஏறியதுதான்.

மலை ஏறுகிற பழைய தடத்தில் வெள்ளகவி என்று ஒரு ஊர் இருக்கிறது. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள், வருகிறவர்களும் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டு வாசலுக்கு அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கடன் வாங்கலாம். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் குறுக்கே. சுமக்கிறவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை அப்படியே சரித்து வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம், திரும்ப அப்படியே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதை யாருக்காக நடுவார்கள் என்று தெரியுமல்லவா? வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக. இறக்கிவைக்க முடியாமல் போன சுமையோடு போனவளே என்று, ஊர்ச் சுமையெல்லாம் அவள் பேரில் இறங்கட்டும் என்று.

உங்கள் ஜமீன்தார் அடிவாரத்திலிருந்த ஒரு சுமைதாங்கியின் குறுக்குக் கல்லைப் பெயர்த்து எடுத்துப்போய்த் தன் வாசல் நிலைக்கு மேல் வைத்துவிட்டார். காவலுக்கு. வேறு மந்திரமே இல்லை. ஏழு தாழும் அந்த ஒரு கல்தான்.

தாண்டிக்குடி காபி எழுதியது:

உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆசாரி பேரன் எழுதியது:

கல் கிடைக்காத மலையா அது? வீட்டுச் சுவர் முழுக்க அங்கேயே உடைத்த கருங்கல். மேல்நிலைக் கல்லுக்கு மட்டும் அடிவாரத்துக்கு எவன் போவான்? கணக்குப் பாருங்கள். ஆறடி நீளம், ஒரு அடி அகலம், எட்டு அங்குலம் கனம் என்றால் 4 கன அடி. கருங்கல் கன அடிக்கு ஏறக்குறைய 75 கிலோ. மொத்தம் 300 கிலோ. கம்பு கட்டி எட்டு பேர் தூக்கினாலும் ஆளுக்கு 37, 38 கிலோ தோளில் ஏறும், அதுவும் செங்குத்தான ஏற்றத்தில். ஒரு ஆள் சறுக்கினால் மற்ற ஏழு பேருக்கும் ஆபத்து.

அளவு பொருந்துகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றரை அடி வாசலுக்கு ஆறடிக் கல் இரண்டு பக்கமும் தாராளமாக உட்காரும்.

கும்பக்கரை இறக்கம் எழுதியது:

நீங்களே சொல்லிவிட்டீர்கள் ஆசாரி ஐயா. மலை முழுக்கக் கல் கிடக்கும்போது 300 கிலோவை அடிவாரத்திலிருந்து தூக்க வைத்தான் என்றால் தெரிந்தே செய்திருக்கிறான். யாரோ ஒரு மாந்திரீகன் சொல்லியிருக்கிறான், "இறக்கிவைக்காதவளின் கல் வாசலில் இருந்தால் உன் வீட்டை விட்டு எதுவும் இறங்காது" என்று.

எட்டு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வழியில் மூச்சு வாங்க அதை எங்கே இறக்கிவைப்பார்கள்? அவர்கள் சுமந்துபோவதே சுமைதாங்கிதானே.

மேலூர் மருமகள் எழுதியது:

அப்படியானால் காவலின் விதி தானாகவே வந்துவிட்டது தம்பி. அந்தக் கல்லுக்குக் கெட்டவன், நல்லவன் எல்லாம் தெரியாது. இறக்கிவைக்க வருகிறவரை விடும். எடுத்துக்கொண்டு போகிறவரை விடாது. அவ்வளவுதான்.

மேகமூட்டம் எழுதியது:

ஓட்டை கிடைத்துவிட்டது.

திருடன் வெறுங்கையோடு வந்தால் நிலையைத் தாண்ட முடியாது, சோலையே அவனைத் திருப்பிவிடும். ஆனால் தலையில் சுமையோடு வந்தால் வழிவிடும். அவனுக்கு இந்த விதி தெரியக்கூடாது. தற்செயலாகத்தான் சுமை இருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16. கஜா அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி, திண்டுக்கல் மாவட்டம் வழியாக மேற்கே போன நாள். கொடைக்கானலில் மரங்கள் விழுந்து பாதை அடைபட்டுவிட்டது, கரண்ட் இல்லை. அன்று ராத்திரி, காற்று அடங்கிய பிறகு, பூம்பாறையிலிருந்து விதைப்பூண்டு மூட்டை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவன் வருகிறான். மூட்டையும் திருடியதுதான். மழைக்கு ஒதுங்குகிற ஆள் மாதிரி கதவைத் தட்டலாம் என்பது அவன் திட்டம். தட்ட வேண்டியிருக்கவில்லை, கதவு திறந்தே இருந்தது.

வத்தலக்குண்டு பஸ் எழுதியது:

மலைப்பூண்டுக்கு 2019இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. 2018இல் திருடியவன் தொழில் தெரியாதவன். ஒரு வருடம் பொறுத்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும்.

தாண்டிக்குடி காபி எழுதியது:

விதைப்பூண்டு என்றால் புகை வாசனை வரும், மறக்காதீர்கள். கெடாமல் இருக்க வீட்டுக்குள் அடுப்புப் புகை படுகிற மாதிரி கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு வைப்பார்கள். மழை ஈரமும் பூண்டும் கரியும் கலந்த வாசனையோடு ஒருவன் இருட்டில் நுழைந்தால், காவல்காரருக்கு விளக்கே வேண்டாம். மூக்கு சொல்லிவிடும், பூம்பாறையிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று.

ஆவணத் தூசி எழுதியது:

இரண்டடிச் சுவருக்குள் என்ன?

மேகமூட்டம் எழுதியது:

மேலூர் அக்கா சொன்ன பட்டியலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். காவல்காரர் வருடத்துக்கு ஒருமுறை வாசலில் நின்று வீட்டுச் சாமான் பட்டியலைக் கல்லுக்கு வாசித்துக் காட்டுவார். திருடன் மாடியில் ஒளிந்துகொண்டு அதைக் கேட்கிறான். வெள்ளிக் குத்துவிளக்கு இரண்டு, ரோஸ்வுட் கட்டில் நான்கு, சுவர்க் கடிகாரம் மூன்று, இப்படிப் போய்க் கடைசியில் "சும்மாடு ஒன்று" என்று முடிகிறது. ஜமீன் வீட்டுப் பட்டியலில் சும்மாடா? தலையில் சுமைக்கு அடியில் வைக்கிற துணிச்சுருள் அல்லவா அது? அவன் வீடு முழுக்கத் தேடுகிறான். ஒன்பதடி அறையில் சுவரைத் தட்டுகிறான்.

மூன்றரை முழப் பழைய சேலைக் கிழிசல், வட்டமாகச் சுருட்டியது. தூக்கிப்போன எட்டு பேரில் ஒருவனுடையது. அவன் அந்தப் பெண்ணின் புருஷன். சேலை அவளுடையது. கல்லை நிலைமேல் ஏற்றி முடித்த அன்று, கொத்தனார் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த இடத்தில் அதை வைத்துவிட்டுப் போனான்.

வத்தலக்குண்டு பஸ் எழுதியது:

இத்தனை அத்தியாயம் காத்திருந்த வாசகனுக்குக் கிழிந்த சேலையா? வைரம் ஒன்றாவது வையுங்கள் ஐயா, பக்கத்திலேயே.

மேலூர் மருமகள் எழுதியது:

வைரம் வைத்தால் கெட்டது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தன் பெண்டாட்டி கல்லைத் தூக்கிப்போகக் கூலிக்கு வருவானா ஒருவன்?

கும்பக்கரை இறக்கம் எழுதியது:

வருவான் அக்கா. வேறு யாரோ தூக்கி வழியில் கீழே போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் வருவான். இல்லையென்றால் கூலி வாங்கியே ஆக வேண்டிய நிலையில் இருந்திருப்பான். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், எது என்று சொல்லாமல் விடுங்கள்.

ஆசாரி பேரன் எழுதியது:

கொத்தனார் பக்கமும் யோசியுங்கள். பதினோரடி அறையை ஒன்பதாக்கியது அவர்தான். இரண்டடிக்கு உள்சுவர் எழுப்பி மூடியிருக்கிறார். ஜமீன்தாருக்கு அது தெரியாது. தெரிந்தே ஆகாத அளவில் ஒரு அறையை அந்த வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். காவல் கல் வாசலில், அதற்கு எதிர்க்கணக்கு மாடியில். அந்த ஜமீன் நொடித்துப்போனதற்கு நீங்கள் வேறு காரணம் தேட வேண்டாம்.

மேகமூட்டம் எழுதியது:

ஆகா. கொத்தனாருக்குத் தனி அத்தியாயம்.

கடைசி முடிச்சு: திருடன் வெளியே எப்படிப் போவான்? சும்மாட்டை எடுத்துக்கொண்டு நிலையைத் தாண்ட முடியாது. எடுக்காமல் போனால் கதை இல்லை. கருப்பர் கதை மாதிரி அவனே அடுத்த காவலாக நின்றுவிடலாம், பழைய காவல்காரர் அவன் வந்த பிறகுதான் முதல்முறையாகப் படி இறங்கிப் போகிறார். ஆனால் அப்படி முடித்தால் அந்தக் கல் எப்போதும் அங்கேயேதான் இருக்கும். அது எனக்கு உறுத்துகிறது.

ஆவணத் தூசி எழுதியது:

கல்லை இறக்கி அடிவாரத்துக்குக் கொண்டுபோகட்டும்.

ஆசாரி பேரன் எழுதியது:

மேல்நிலைக் கல்லை உருவினால் மேலே இருக்கிற சுவர் உட்காரும். முதலில் முட்டுக்கொடுத்து, பக்கத்தில் இரும்புத் தூலம் ஏற்றி, அப்புறம்தான் கல்லைத் தளர்த்த வேண்டும். இரண்டு பேரால் ஆகாது.

கும்பக்கரை இறக்கம் எழுதியது:

எட்டு பேர் வேண்டும். இந்தத் தடவை லாரி இருக்கிறது, ஆனால் கஜாவுக்குப் பாதை அடைபட்டுக் கிடக்கிறதே.

மேகமூட்டம் எழுதியது:

அதனால்தான் பழைய தடம். வெள்ளகவி வழியாக, செருப்பில்லாமல். திருடன், காவல்காரர், இன்னும் ஆறு பேர் வேண்டும். சோலையில் வந்த காரணத்தை மறந்துபோய், காபி குடித்துவிட்டுத் திரும்பிப்போனவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களில் ஆறு பேரைக் காவல்காரர் ஞாபகம் வைத்திருக்கிறார், பேர், ஊரோடு. போய்க் கூப்பிடுகிறார். எடுத்துப்போவது இல்லை இது, இறக்கிவைக்கப் போவது. கல் விடும்.

வத்தலக்குண்டு பஸ் எழுதியது:

கூலி யார் தருவது?

மேகமூட்டம் எழுதியது:

வெள்ளிக் குத்துவிளக்கு இரண்டு இருக்கிறதே. கல் இறங்கின பிறகு வாசலில் தடை ஏது?

மேலூர் மருமகள் எழுதியது:

விளக்கை விற்றால் பட்டியலில் அடித்துவிடச் சொல்லுங்கள் தம்பி. கணக்கு கணக்குதான்.